ஆஃப் ஆகாத வண்டி

பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிப்பதுதான் சின்னப்பனின் வேலை. கார் தள்ளுவது அதில் சேர்த்தியில்லை. ஆனாலும் விழுப்புரம் சுற்றுவட்டாரக் கல்யாணங்களில் சில வருஷங்களாக அவன் இரண்டையும் செய்துவந்தான்.

மாப்பிள்ளை அழைப்பில் பேண்டு செட் முன்னால் போகும். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் முதல் வரிசை. சின்ன டிரம்கள் அடுத்த வரிசை. எல்லாருக்கும் கடைசியில், வயிற்றோடு கட்டிய பெரிய டிரம்முடன் சின்னப்பன். அவன் முதுகுக்கு நாலு முழம் பின்னால் நெடுஞ்செழியனின் அம்பாசிடர் வரும். கூரையை வெட்டியெடுத்துச் சந்தன நிறம் அடித்து, மல்லிகையும் ரோஜாவும் சுற்றிய பழைய மார்க் டூ. மாப்பிள்ளை பின்சீட்டின் முதுகின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பார். கோவிலுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச தூரத்தைக் கடக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆகும். நடையைவிட மெதுவான அந்த வேகத்துக்காக உலகத்தில் எந்தக் காரும் செய்யப்பட்டதில்லை. சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகும். இன்ஜின் இரண்டு தரம் விக்கும், இருமும், ஆஃப் ஆகிவிடும்.

மாப்பிள்ளை உட்கார்ந்த கார் நடுத்தெருவில் நின்றுபோனால் கிழவிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். பெண் வீட்டார் முகம் கறுக்கும். பட்டு வேட்டிக்காரர்கள் யாரும் காரில் கை வைக்கமாட்டார்கள். கைக்கு எட்டின ஆட்கள் பேண்டு செட்டின் கடைசி வரிசைதான். "டேய் டிரம்மு, வாடா, ஒரு கை குடு!" சின்னப்பன் டிரம்மை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, தங்கச் சரிகை வைத்த சிவப்புக் கோட்டோடு பின்னால் போய்த் தோள் கொடுப்பான்.

சித்திரை மாதக் கடைசியில் ஒருநாள் அவன் திண்டிவனத்துக்கு பஸ் ஏறி, மயிலம் ரோட்டில் இருந்த அண்ணன் சவுரிராயனின் ஷெட்டுக்கு வந்தான். சவுரிராயன் மெக்கானிக். இளவயதிலேயே சொந்த ஊரான முகையூரை விட்டு வந்தவன், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தம்பியும் தம்பி மனைவி ஜெயமும்தான் அவனுக்குக் குடும்பம். ஒரு லாரியின் அடியில் படுத்திருந்த சவுரிராயன் முதலில் தம்பியின் கால்களைத்தான் பார்த்தான். அவை ஒன்றையொன்று நம்பாதவை போல நடந்து வந்தன.

"இன்னாடா, கெழவன் மாதிரி நடக்கற?"

"முதுகு புடிச்சிக்கிச்சுண்ணா. ஸ்கேன் எடுத்தாங்க. டிஸ்க்கு நவுந்துக்கினு இருக்குதாம். எதையும் தள்ளாதன்றாரு டாக்டரு. இன்னொரு தபா நவுந்துச்சுன்னா காலே வராதாம்."

"அப்ப டிரம்மு?"

"அது வயித்துல தொங்குது, பழகிப்போச்சு. காரு தள்றதுதான் பேஜாரு."

"முடியாதுன்னு சொல்லிடு."

"யார்கிட்ட? மாப்ள மாமங்கிட்டயா?" சின்னப்பன் சிரிக்க ஆரம்பித்து, முதுகில் குத்தவே பாதியில் நிறுத்திக்கொண்டான். "நம்மளப் பாத்தா அவுங்களுக்குத் தள்றதுக்குன்னே பொறந்தவன் மாதிரி தெரியுதுண்ணா. நான் தள்ளலன்னா அடுத்த கல்யாணத்துக்கு வேற செட்ட கூப்புடுவாங்க. நீ ஒண்ணு பண்ணு. அந்தக் காரு ஆஃப் ஆவாத மாதிரி பண்ணிக் குடு. போதும்."

அடுத்த வாரமே நெடுஞ்செழியனை அழைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

நெடுஞ்செழியன் விழுப்புரத்தில் கல்யாண மேடை அலங்காரம் செய்பவர். ஐம்பது தாண்டிய, பூவாசனை ஊறிய மனிதர். வாழ்க்கையில் அவர் ஓட்டிய ஒரே கார் அந்த அம்பாசிடர்தான். ஷெட் வாசலுக்கு வரும்போதே அது இரண்டு தரம் நின்றது.

"சவுரி, எனக்கு ஸ்பீடு வேணாம், மைலேஜ் வேணாம். நடுரோட்டுல நிக்கக் கூடாது, அவ்ளோதான். போன முகூர்த்தத்துல பொண்ணோட அத்தைக்காரி என்ன பண்ணா தெரியுமா? தாலி ஏர்றதுக்குள்ள வண்டிய படுக்க வச்சிட்டியேடா பாவின்னு, ரெண்டு கையால மண்ண வாரித் தூத்தறா. நான் எங்க போய் மூஞ்ச வச்சிக்கறது?"

"பெட்ரோல் இன்ஜின் அப்பிடித்தான்ணா. கிளச்ச சட்டுனு உட்டாக்கூட நின்னுடும். டீசல் நிக்காது. முக்கிக்கினு இழுக்கும்."

"அப்ப டீசலே போடு."

"அது தனியா வந்து குந்தாதுங்க. பழைய கியர்பாக்ஸு அதோட இழுப்பத் தாங்காது. அதையும் மாத்தணும். அப்பறம் ரெண்டுக்கும் பொருத்தம் பாக்கணும்."

"பத்துப் பொருத்தமுமா?" என்றார் நெடுஞ்செழியன்.

"எங்க வூட்டுல அதெல்லாம் பாக்கறதில்லண்ணா. போல்ட்டு சேருதான்னு மட்டும் பாப்போம்."

பக்கத்தில் டயர் மேல் உட்கார்ந்திருந்த சின்னப்பன், முதுகைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தரம் முழுசாகச் சிரித்தான்.

ஒரு வண்டியின் இன்ஜினை இன்னொரு வண்டிக்குள் இறக்குவதில் சவுரிராயனுக்கு எப்போதுமே ஒரு மயக்கம் உண்டு. எங்கோ மலைச்சரிவில் கவிழ்ந்த ஒரு வேன், யாரோ ஒரு டாக்டர் ஓட்டித் தேய்த்த ஒரு கார், யாருக்கும் வேண்டாமல் மழையில் கிடந்த இன்னொன்று. ஒன்றையொன்று பார்த்தேயிராத இவையெல்லாம் ஒருநாள் ஒரே நடுக்கமாக நடுங்கி உயிர் பெறும். அந்த முதல் நடுக்கத்துக்காக அவன் வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் வேலை செய்வான்.

புதுச்சேரி ரோட்டில் பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் ஒரு சரக்கு வேனின் டீசல் இன்ஜின் கிடைத்தது. நல்ல இன்ஜின். ஆனால் வேனின் கியர்பாக்ஸ் நீளம், அம்பாசிடரின் அடியில் அடங்கவில்லை. பிற்காலத்துச் சொகுசுக் கார் ஒன்றின் கியர்பாக்ஸைத் தேடிப் பிடித்தான். இன்ஜினின் வாயும் அதன் வாயும் சேரவில்லை. நடுவில் வைக்க ஒரு கனத்த இரும்புத் தட்டைத் தானே வரைந்து, லேத்தில் கூடவே நின்று கடைந்து வாங்கினான். கியர்பாக்ஸிலிருந்து நீளும் தண்டின் நுனி இன்ஜினின் பின்முனையில் இருக்கும் புஷ்ஷுக்குள் நேராக நுழைய வேண்டும். மயிரிழை பிசகினாலும் சில மாதங்களில் தண்டு முறியும். அவன் பிசகவிடவில்லை. கிளச்சுத் தட்டின் பற்கள் தண்டோடு கவ்வவில்லை. தட்டின் நடுப்பகுதியை மட்டும் மாற்றி, ரிவெட் அடித்துச் சேர்த்தான். தட்டை அழுத்திப் பிடிக்கிற மூடியை மட்டும் வேனுடையதாகவே வைத்துக்கொண்டான். மூட்டை சுமக்கிற வண்டிக்கான மூடி, ஸ்பிரிங் முரட்டு ஸ்பிரிங். கிளச்சு நழுவவே நழுவாது. மிதிக்கத்தான் பலம் வேண்டும்.

வைகாசிக் கடைசியில் வண்டி உயிர் பெற்றது. இறக்கிவிட்டு பைபாஸில் செஞ்சி ரோடு வரை ஓட்டிப் பார்த்தான். எண்பதில் போகும்போது ஸ்டியரிங்குக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது. கூரை இல்லாத அந்தக் காரில் தலைக்கு மேல் முழு வானமும் கூடவே வந்தது. இப்படியே போய்க்கொண்டிருந்தால் கடைசியில் எந்த ஊர் வரும் என்று சின்ன வயசில் முகையூர் ஏரிக்கரையில் நின்று யோசித்தது ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் நெடுஞ்செழியனும் சின்னப்பனும் வந்தார்கள்.

"நிக்காதா?" என்றார் நெடுஞ்செழியன்.

"சின்னப்பா, அந்தக் கல்லு எடுத்து முன்வீல்ல வை" என்றான் சவுரிராயன். பிறகு தம்பியின் முதுகு ஞாபகம் வந்து, "இரு, நான் வைக்கறேன்" என்றான்.

"இது கூடவாண்ணா தூக்கக் கூடாது?" சின்னப்பன் பாதித் தலையணை அளவு கருங்கல் ஒன்றைக் காலால் உருட்டிக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு கையாலும் எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தான். போனை ஒரு ஆயில் டிரம்மின் மேல் சாத்தி வீடியோ எடுக்கவும் வைத்திருந்தான்.

சவுரிராயன் முதல் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளச்சை மெல்ல விட்டான். சக்கரம் கல்லில் முட்டி நின்றது. இன்ஜினின் சத்தம் தாழ்ந்தது. நெடுஞ்செழியன் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஜின் நிற்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அவசரமில்லாமல், கார் கல்லின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

சின்னப்பன் விசில் அடித்தான். நெடுஞ்செழியன் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இன்னொண்ணுங்க" என்றான் சவுரிராயன். "டீசலு சாவி திருப்புனா நிக்காது. வண்டிய நிறுத்தணும்னா இந்தக் குமிழ இழுக்கணும். டேஷ்போர்டுக்குக் கீழ, இதோ."

"நிறுத்தறதுக்கா உன்னாண்ட வந்தேன்?" என்று நெடுஞ்செழியன் சிரித்தார். ஆனாலும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

பிறகு ஒத்திகை நடந்தது. சின்னப்பன் ஒரு காலி ஆயில் டின்னை வயிற்றில் வைத்துத் தட்டிக்கொண்டே ஷெட் வாசலில் நடக்க, நெடுஞ்செழியன் பின்னால் ஓட்டி வந்தார். வேலி வரைக்கும், திரும்பி மறுபடி கொட்டகை வரைக்கும். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். "மாப்ள எங்கப்பா?" என்று ஒருவர் கத்தினார். "பொண்ணுதான் இன்னும் கெடைக்கல, எங்கண்ணன்தான் மாப்ள!" என்று சின்னப்பன் பதில் கத்தினான்.

இறங்கும்போது நெடுஞ்செழியன் இடது தொடையைத் தேய்த்தார். "கிளச்சு கெட்டியா இருக்குதேப்பா."

அது சவுரிராயனுக்கும் உறுத்திக்கொண்டிருந்த விஷயம். அந்தக் கியர்பாக்ஸ் வேகமாக ஓடும் காருக்காகச் செய்தது. அதன் முதல் கியரே நீளம். கிளச்சை முழுக்க விட்டால் ஆள் ஓட்டமும் நடையுமாகப் போகிற வேகத்துக்குக் குறையாமல் அது போனது. ஊர்வல வேகத்துக்கு அடக்க வேண்டுமானால் கிளச்சைப் பாதி மிதித்தபடியே இருக்க வேண்டும். பின்னச்சில் இருக்கும் கிரௌன் பல்சக்கரத்தை வேறு கணக்கில் மாற்றினால் சரியாகிவிடும். தேடியிருந்தான், கிடைக்கவில்லை.

"பழகிடும்ணா" என்றான். "ஆடி மாசம் முகூர்த்தம் இல்லாம வண்டி சும்மாதான நிக்கும்? அப்போ கொண்டாங்க. பின்னாடி கிரௌன மாத்திடறேன், பூ மாதிரி போவும்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் ஆஃப் ஆவாது. அது போதுமில்ல?"

போதும் என்றுதான் மூன்று பேருக்கும் பட்டது.

முதல் ஊர்வலத்தைப் பார்க்கச் சவுரிராயன் விழுப்புரம் போனான். சலவைச் சட்டை போட்டிருந்தான். சோப்பும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணின் கறுப்பு மட்டும் போகவில்லை. காரின் பின் மட்கார்டை ஒட்டி, வரிசைத் தட்டு ஏந்திய பெண்களுக்குக் கொஞ்சம் விலகி நடந்தான். தலையில் விளக்குகளைச் சுமந்தவர்கள் இரண்டு பக்கமும் வந்தார்கள். மாப்பிள்ளை பெரிய நிலக்காரக் குடும்பம். கழுத்து நிறைய மாலையோடு காரின் உச்சியில் உட்கார்ந்து, யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு தெரு தாண்டியும் இன்ஜின் ஒரு தரம்கூட இருமவில்லை. சின்னப்பன் ஒரு பாட்டுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் திரும்பி, டிரம் கோலை நெற்றியில் வைத்து அண்ணனுக்கு சல்யூட் அடித்தான். "பாத்தியாண்ணா?" என்று உதடு மட்டும் அசைந்தது. அவன் முதுகு நேராக இருந்தது. அந்த நேரான முதுகைப் பார்த்தபடியே நடப்பது சவுரிராயனுக்கு ஒரு கனவுக்குள் நடப்பது போல இருந்தது.

கடைத்தெரு முனையில் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஆட ஆரம்பித்தார்கள். ஊர்வலம் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. அப்போதுதான் மல்லிகைக்கு அடியிலிருந்து அந்த வாசனை வந்தது. முடி கருகுவது போல. சவுரிராயனுக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. முன்னால் போய் டிரைவர் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். நெடுஞ்செழியனின் முகம் வேர்த்துப் பளபளத்தது.

"கிளச்சு எரியுதுண்ணா. நிக்கற நேரத்துல நியூட்ரல் போட்டுக் கால எடுங்க."

"போட்டுப் பாத்தன்பா. மறுபடி ஃபர்ஸ்ட்டு உழமாட்டேங்குது, கர்ருனு கத்துது. எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "தொடைக்குக் கீழ ஒண்ணுமே தெரியல சவுரி. மரத்துப் போச்சு."

"எறங்குங்க. நான் ஓட்டறேன்."

கதவைத் திறக்கக் கையை உள்ளே விட்டான். குனிந்திருந்தவனின் தலைக்கு மேல் ஒரு குரல் கேட்டது. "யோவ், யார்யா அது கார்ல ஏர்றது?" மாப்பிள்ளையின் தாய்மாமன். காரின் அந்தப் பக்கம் நடந்து வந்தவர் இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தார்.

"மெக்கானிக்குங்க."

"மெக்கானிக்குக்கு இங்க இன்னா வேலை? எந்த ஊரு நீ?"

"முகையூருங்க."

"முகையூர்ல எங்க?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவனுடைய கையைப் பார்த்தார். "பூவுல கிரீஸு ஒட்டிக்கும், கைய எடு. ஏம்பா நெடுஞ்செழியா, நிக்கவே நிக்காதுன்னு சொன்ன, இப்ப நடுவுல எறங்கி ஆள மாத்தறியா? நல்ல காரியத்துலயா?"

"இல்லைங்க, ஒண்ணுமில்லைங்க. சும்மா பேசிக்கினு இருந்தோம்." நெடுஞ்செழியன் முன்னால் பார்த்தபடி சவுரிராயனிடம் மட்டும் சொன்னார்: "மண்டபம் தெரியுது பாரு. அவ்ளோதான். போ."

சவுரிராயனின் கை இன்னும் உள்ளேதான் இருந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே அந்தக் குமிழ் விரலுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. இழுத்தால் இன்ஜின் நின்றுவிடும். நின்றால் வண்டி ஆஃப் ஆகிவிட்டது என்பார்கள். கிழவிகள் ஒருத்தியை ஒருத்தி பார்ப்பார்கள். தாய்மாமன் கடைசி வரிசையைப் பார்த்துக் கூப்பிடுவார், டேய் டிரம்மு, வாடா. சவுரிராயன் தலையைத் தூக்கி, சிவப்புக் கோட்டுக்குள் நேராக நின்ற அந்த முதுகைப் பார்த்தான். கையை வெளியே எடுத்துக்கொண்டான்.

மண்டப வாசலில் வாழைமரங்கள் தெரிந்தன. சரவெடிக்கு நெருப்பு வைக்க ஒருவன் ஓடினான். பேண்டு செட் நின்று கடைசிப் பாட்டை ஆரம்பித்தது. சின்னப்பன் பானெட்டுக்கு நேர் முன்னால் கால்களை அகட்டி நின்று அடித்துக்கொண்டிருந்தான்.

வெடிச்சத்தத்தில் சவுரிராயனுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. நெடுஞ்செழியனின் தலை திடீரென்று ஸ்டியரிங்குக்குக் கீழே போனதை மட்டும் பார்த்தான். இழுத்துக்கொண்ட கெண்டைக்காலைப் பிடிக்க அவர் குனிந்திருந்தார். கால் கிளச்சிலிருந்து நழுவ, படுத்த மாடு எழுந்திருப்பது போலக் கார் முன்புறத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

பழைய இன்ஜினாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றிருக்கும். பம்பர் சின்னப்பனின் காலில் இடித்திருக்கும். அவன் திரும்பி ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருப்பான், பிறகு தள்ளியிருப்பான்.

நெடுஞ்செழியன் சாவியைத் திருப்பினார். ஒரு காரை நிறுத்த அவர் கைக்குத் தெரிந்த வழி அதுதான். பானெட்டைச் சுற்றியிருந்த சின்ன விளக்குகள் அணைந்தன. அவருடைய வலது கால் ஆக்சிலேட்டரின் மேலேயே கிடந்தது. கார் முட்டி, சத்தம் தாழ்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு அவசரமில்லாமல் ஏறியது. டிரம் உடைந்த சத்தத்தைக் கூட்டத்தில் பலர் வெடி என்றே நினைத்தார்கள்.

கதவின் மேலாக உள்ளே பாய்ந்து சவுரிராயன் குமிழை இழுத்தான். இன்ஜின் உடனே, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை போல, நின்றது. மாப்பிள்ளை பின்சீட்டுக்குள் சரிந்து கிடந்தார். காரைத் தூக்க வேண்டியிருந்தது. அப்போது பட்டு வேட்டிக்காரர்கள் எல்லாரும் கை வைத்தார்கள்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சின்னப்பனுக்கு நினைவு இருந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"வண்டி ஆஃப் ஆயிடுச்சாண்ணா?"

"ஆயிடுச்சுடா."

"நான் தள்ள முடியாதுண்ணா இன்னிக்கு. சொல்லிடு அவுங்ககிட்ட."

"சொல்லிட்டேன்டா. நீ பேசாத."

விடிவதற்குள் போய்விட்டான். அந்தக் கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்ததாகப் பிறகு யாரோ சொன்னார்கள்.

முகையூரில் அடக்கத்துக்கு பேண்டு செட் முழுசாக வந்திருந்தது. மாதா கோவிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை வாசித்துக்கொண்டு போனார்கள். பெரிய டிரம் இல்லை. அதுதான் கால் வைக்கிற கணக்கைச் சொல்லும். அது இல்லாமல் அவர்களுடைய நடை திரும்பத் திரும்பக் குலைந்தது. ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள், நின்றார்கள், மறுபடி ஆரம்பித்தார்கள். பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் தாங்கிய சவுரிராயனுக்கு அவர்களோடு சேர்ந்து நடக்கத் தெரியவில்லை.

வீட்டில் ஜெயம் சுவரோரம் உட்கார்ந்து கணவனின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் நின்றுபோயிருந்தது.

"மாமா, இதப் பாருங்க" என்றாள்.

ஷெட் வாசலில் எடுத்த வீடியோ. சின்னப்பன் கல்லைக் காலால் உருட்டிக்கொண்டு வருகிறான். எடுத்து வைக்கிறான்.

"அவரேதான் வைக்கறாரு. சிரிச்சிக்கினே வைக்கறாரு பாருங்க." அவள் மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள். "முதுகு நோவுதுன்னு சொல்லிக்கினு இருந்தவரு, எப்பிடிக் குனியறாரு பாருங்க."

சவுரிராயன் பார்த்தான். கார் கல்லில் ஏறி இறங்குவதையும் பார்த்தான். அந்த வீடியோவில் தன்னுடைய குரல் பெருமையாகச் சிரிப்பதை அவன் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டான்.

சில நாள் கழித்து வண்டியைச் சோதிக்க ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். கார் ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தடியில் நின்றது. பூக்கள் காய்ந்து கம்பியோடு ஒட்டியிருந்தன. ஜாமீனில் வந்திருந்த நெடுஞ்செழியன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இடது காலை நீட்டி வைத்திருந்தார். சவுரிராயனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"குமிழ இழுக்கணும்னு சொன்ன சவுரி. சொல்லலன்னு நான் சொல்லமாட்டேன். கை சாவிக்குத்தான் போச்சு."

சவுரிராயன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அவரைத் திட்டலாம் என்று பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளை எல்லாம் எடுத்து வைத்திருந்தான். இப்போது அவருடைய நீட்டிய காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் வாசல் வரைக்கும் முன்னாலும் பின்னாலும் ஓட்டிப் பார்த்தார். குனிந்து அடியில் டார்ச் அடித்தார். நடுவில் வைத்த இரும்புத் தட்டை விரலால் தட்டினார்.

"நீதான் பண்ணதா?"

"நான்தான் சார்."

"ஆர்.சி. புக்குல இன்ஜின் நம்பர மாத்தலியே. அது தனி கேஸு. ஆனா வேலை சுத்தமா பண்ணியிருக்க. பிரேக் புடிக்குது. கிளச்சு எரிஞ்சிருக்குது, இருந்தாலும் புடிக்குது. வண்டில கோளாறு ஒண்ணும் இல்ல. ஓட்டுனவன் தப்பு."

"கோளாறு இருக்குது சார்" என்றான் சவுரிராயன்.

"எங்க?"

அவனுக்குக் காட்டத் தெரியவில்லை. இன்ஜின் சரி. கியர்பாக்ஸ் சரி. நடுத்தட்டு சரி. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினால் ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கும். "ஆஃப் ஆவல சார்" என்றான் கடைசியில்.

இன்ஸ்பெக்டர் டார்ச்சை அணைத்தார். "தம்பியா உனக்கு? போப்பா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஒரு கான்ஸ்டபிள் சாவியைத் தூக்கிப் போட்டார். "யோவ், வழியில நிக்குது. அந்தச் செவுத்தோரம் எடுத்து உடு."

சவுரிராயன் உட்கார்ந்தான். முதல் திருப்பிலேயே இன்ஜின் உயிர் பெற்றது. கிளச்சை மிதித்து முதல் கியரைப் போட்டான். முன்னால் வேப்பமரம் இருந்தது, மரத்தைத் தாண்டிச் சுவர். ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. கிளச்சை விடவும் இல்லை. பாதிக்கு மேலே வந்து தட்டு கவ்வத் தொடங்கும் அந்த இடத்தில், காலை அப்படியே நிறுத்திப் பிடித்தான். கார் மரத்தை நோக்கி மூச்சு விட்டபடி நின்றது. ஷெட்டில் எத்தனையோ தரம் இந்தப் பெடலை மிதித்திருக்கிறான். மிதித்ததும் எடுத்துவிடுவான். ஒருநாளும் இப்படி வைத்திருந்ததில்லை.

"இன்னாய்யா, எடு!"

"எடுக்கறேன் சார்."

கான்ஸ்டபிளுக்கு டீ வந்தது. அவர் அதை ஊதிக் குடிக்க ஆரம்பித்தார். முதலில் கட்டைவிரலுக்கு அடியில் எரிந்தது. பிறகு கெண்டைக்காலில் ஏதோ ஒன்று, தோலுக்கடியில் ஒரு சின்னப் பிராணி திரும்பிப் படுப்பது போல, அசைந்தது. தொடை நடுங்கியது. அவன் இரும்பு தூக்கிப் பழகின ஆள், உடம்பில் வியாதி எதுவும் இல்லை. டிரம்பெட் இல்லை, மேலே மாப்பிள்ளை இல்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கான்ஸ்டபிளின் கிளாஸில் இன்னும் பாதி டீ இருந்தது. சவுரிராயனின் முட்டி தானாகத் துள்ள ஆரம்பித்தது.

கார் மரத்தை நோக்கி ஒரு சாண் நகர்ந்தது.

அவன் குமிழை இழுத்தான். இன்ஜின் நின்றது. காலைக் கைகளால் தூக்கிப் பெடலிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். வராந்தாவிலிருந்து நெடுஞ்செழியன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு? ஆஃப் ஆயிடுச்சா?" என்றார் கான்ஸ்டபிள்.

"வேணாம் சார். தள்ளிக்கினே போயிடலாம்."

"தள்றதா? ஓடற வண்டியயா?"

சவுரிராயன் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, மரத்தை விட்டு விலக ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டு இறங்கினான். ஒரு காலை இழுத்தபடி பின்னால் போனான். காய்ந்த பூச்சரங்களுக்கு நடுவில், டிக்கியின் விளிம்பில், பெயின்ட் தேய்ந்து வழவழப்பாகிப்போன ஓர் இடம் இருந்தது. எத்தனையோ கல்யாணங்களாக ஒரே தோள் பட்டுப் பட்டு ஆன இடம். தன் தோளை அங்கே வைத்தான். வண்டி நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். முதுகின் அடியில், நடுவில், ஒரு இடத்தில் சுருக்கென்று பிடித்தது. அந்த இடத்தை விட்டுவிடாமல், இன்னும் அழுத்தித் தள்ளிக்கொண்டே போனான்.